வீட்டு ரவுட்டரின் நிலைபொருள்: லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி-யை முன்வைத்து ஒரு விமர்சனம்

வீட்டுக்குள் வரும் ஒற்றை இணைய இணைப்பைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்து தரும் பெட்டியைத் தமிழில் திசைவி என்கிறோம். பேச்சில் அது ரவுட்டர்தான். இக்கட்டுரையிலும் அப்படியே குறிப்பிடுகிறேன். அதன் உள்ளே ஒரு சிறு செயலியும், கொஞ்சம் நினைவகமும், வானொலி அலைகளை அனுப்பிப் பெறும் ஒரு சில்லும் இருக்கின்றன. இவற்றை இயக்கும் மென்பொருள், கருவியின் ஃபிளாஷ் நினைவகத்தில் பதியப்பட்டே வருகிறது. அதற்கு நிலைபொருள் என்று பெயர். ஆங்கில வழக்கில் ஃபர்ம்வேர்.

கடையில் ரவுட்டர் வாங்குபவர் பெட்டியின் மேல் காண்பது வேகத்தின் எண், ஆண்டெனாக்களின் எண்ணிக்கை, பிறகு சில வசதிகளின் பெயர்கள். பெற்றோர் கட்டுப்பாடு, விருந்தினர் வலையமைப்பு, ஒரே பொத்தானில் இணைப்பு, போக்குவரத்து முன்னுரிமை என்று அவை நீளும். இந்த வசதிகள் எல்லாம் நிலைபொருளின் வேலை. ஆனால் அந்த நிலைபொருளை யார் எழுதினார், எத்தனை ஆண்டுகளுக்குப் பழுது பார்ப்பார், வாங்கியவர் அதில் கைவைக்கலாமா என்பதைப் பெட்டி பெரும்பாலும் சொல்வதில்லை. இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் வசதிகளின் பட்டியலை மட்டும் பார்த்து ஒரு ரவுட்டரை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது என்பதே என் கருத்து. இதைக் காட்டுவதற்கு லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற கருவியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. நீலமும் கறுப்புமான உடல், பின்னால் இரண்டு ஆண்டெனாக்கள். படத்தைப் பார்த்தால் பலருக்கு நினைவு வரும்.

நிலைபொருள் செய்யும் வேலை

ரவுட்டரை மாணவர் விடுதியின் காப்பாளரோடு ஒப்பிட்டு வகுப்பில் விளக்கியிருக்கிறேன். விடுதிக்கு ஒரே முகவரி. உள்ளே நாற்பது பேர். வெளியே போகும் கடிதங்களில் எல்லாம் காப்பாளர் விடுதியின் முகவரியையே எழுதுகிறார். எந்தக் கடிதம் யாருடையது என்று ஒரு பேரேட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்ததும் பேரேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறார். புதிதாக வரும் மாணவருக்கு அறை எண் கொடுப்பதும், முன்பின் தெரியாதவரை வாசலில் நிறுத்துவதும் அவரே. நிலைபொருள் செய்வது ஏறத்தாழ இதுதான். உள்ளே இருக்கும் கருவிகளுக்கு முகவரி வழங்குகிறது, முகவரியை மாற்றி எழுதுகிறது, வெளியிலிருந்து கேட்காமல் வருவதைத் தடுக்கிறது, கம்பியில்லாத் தொடர்பைக் குறியாக்கம் செய்கிறது.

விடுதியில் காப்பாளர் தவறு செய்தால் வார்டன் இருக்கிறார், தலைமையாசிரியர் இருக்கிறார். ரவுட்டருக்கு மேல் வீட்டில் யாரும் இல்லை. கணினியிலும் கைப்பேசியிலும் ஒரு திரை இருப்பதால் ஏதாவது கெட்டால் தெரிந்துவிடுகிறது. ரவுட்டரில் நாம் பார்ப்பது நான்கைந்து சிறு விளக்குகளை மட்டுமே. உள்ளே பழுதான நிலைபொருள் ஓடினாலும், வேறொருவர் புகுந்து உட்கார்ந்திருந்தாலும், விளக்குகள் அதே போலத்தான் கண்சிமிட்டும்.

ஒரே பெயர், இரண்டு கருவிகள்

டபிள்யூஆர்டி54ஜி 2002 டிசம்பரில் அறிமுகமானது. 54 என்பது நொடிக்கு 54 மெகாபிட் என்ற உச்ச வேகத்தையும், ஜி என்பது 802.11ஜி என்ற கம்பியில்லாத் தரத்தையும் குறிக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தரம் இறுதி செய்யப்பட்டது 2003 ஜூனில்தான். தேர்வுக்கு முன்பே விடைத்தாளைக் கட்டிக்கொடுத்த மாதிரி, தரத்தின் வரைவை வைத்தே கருவியை விற்பனைக்கு விட்டார்கள். நிலைபொருளைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்பதால்தான் இது இயன்றது.

2003 மார்ச்சில் லிங்க்சிஸை சுமார் 50 கோடி டாலர் மதிப்பில் வாங்கப்போவதாக சிஸ்கோ அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில், ஆண்ட்ரூ மிக்லாஸ் என்பவர் இந்தக் கருவியின் நிலைபொருளைப் பிரித்துப் பார்த்து, அதில் இருப்பது லினக்ஸ் என்று பொதுவில் எழுதினார். லினக்ஸ் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின் கீழ் வருவது. அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் தன் பொருளில் வைத்து விற்பவர், வாங்கியவருக்கு அதன் மூல நிரலையும் தர வேண்டும். லிங்க்சிஸ் தரவில்லை. கேள்விகள் எழுந்த பிறகு அதே ஆண்டில் மூல நிரல் வெளியிடப்பட்டது. அது நிறுவனத்தின் பெருந்தன்மை அல்ல, உரிமத்தின் கட்டாயம். (இந்தக் குடும்பத்தின் வேறு கருவிகள் தொடர்பான உரிமச் சிக்கல் நீண்டு, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் சிஸ்கோ மீது வழக்கே தொடுத்தது, 2009 மே மாதம் சமரசத்தில் முடிந்தது.)

மூல நிரல் கைக்கு வந்ததும், அதை அடிப்படையாகக் கொண்டு 2004 ஜனவரியில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் தொடங்கியது. பெயரிலேயே இந்தக் கருவியின் பெயர் இருக்கிறது. டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ போன்ற மாற்று நிலைபொருள்களும் இதே கருவியைச் சுற்றி வளர்ந்தன. 200 மெகாஹெர்ட்ஸ் செயலி, 16 மெகாபைட் நினைவகம், 4 மெகாபைட் ஃபிளாஷ். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அந்த ஃபிளாஷுக்குள் அடங்குமா என்பதே ஐயம். அந்த இடத்துக்குள் ஒரு முழு இயங்குதளத்தை அடக்கி, தொலைநிலை அலுவலக இணைப்பு, போக்குவரத்து ஒழுங்கு, நுணுக்கமான தீச்சுவர் என்று வீட்டுக் கருவிகளில் அரிதாக இருந்த வேலைகளைச் செய்யவைத்தார்கள். இரும்பு அதே இரும்பு. மாறியது நிலைபொருள் மட்டும்.

இனி வருவதுதான் என் குற்றச்சாட்டின் மையம். 2005இன் பிற்பகுதியில் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதில் லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயங்குதளத்தை வைத்தார்கள். அது குறைந்த இடத்தில் ஓடும் என்பதால் நினைவகம் 8 மெகாபைட்டாகவும் ஃபிளாஷ் 2 மெகாபைட்டாகவும் சரிபாதியாக்கப்பட்டன. வெளியே அதே பெயர், அதே நீலம், அதே 54. வேறுபாடு தெரிய வேண்டுமானால் கருவியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். பெட்டியைப் பிரிக்காமல் வாங்கியவர், தான் படித்துக் கேட்டு வந்த கருவி வேறு, கைக்கு வந்தது வேறு என்பதை வீட்டுக்குப் போன பிறகே அறிந்தார்.

லினக்ஸ் பதிப்பை விரும்பியவர்களுக்காக 2005 டிசம்பரில் டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனிப் பெயரில் பழைய கருவியையே மறுபடி விற்றார்கள். எல் என்பது லினக்ஸைக் குறித்தது. பத்தாண்டு கழித்தும் அது விற்பனையில் இருந்தது. 54 மெகாபிட் வேகம் பழங்கதையான பின்னும் ஒரு கருவியை மக்கள் தேடி வாங்கினார்கள் என்றால், அவர்கள் வாங்கியது வேகத்தை அன்று என்பது தெளிவு. அதே வேளையில், முன்பு எல்லோருக்கும் இயல்பாகக் கிடைத்த ஒன்றை எடுத்துவிட்டு, கேட்டு வருபவருக்கு மட்டும் தனிப் பெயரில் விற்ற செயலை நான் பாராட்ட மாட்டேன். ஐந்தாம் பதிப்பை வாங்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. டிடி-டபிள்யூஆர்டியைச் சுருக்கி அந்த 2 மெகாபைட்டுக்குள்ளும் ஆர்வலர்கள் புகுத்திக் காட்டினார்கள்.

பூட்டில் இருந்த ஓட்டை

முதல் பதிப்புகளின் நிலைபொருளில் ஒரு சோதனைப் பக்கம் உண்டு. ஒரு முகவரியைத் தட்டினால், அந்தக் கணினி பதிலளிக்கிறதா என்று ரவுட்டர் பார்த்துச் சொல்லும். அந்தக் கட்டத்தில் முகவரிக்குப் பதிலாகக் கட்டளையைத் தட்டினால், ரவுட்டர் அதையும் கேள்வி கேட்காமல் நிறைவேற்றியது. பாதுகாப்பு நோக்கில் இது கடுமையான பிழை. ஆனால் ஆர்வலர்கள் இந்த ஓட்டை வழியாகவே உள்ளே போய், தொடக்கத்தில் சில நொடிகள் காத்திருந்து புதிய நிலைபொருளை ஏற்கும் ஓர் அமைப்பை இயக்கிவைத்தார்கள். அந்த அமைப்பு இயங்கினால், நிலைபொருள் ஏற்றும்போது மின்சாரம் போய்க் கருவி செங்கல்லாகிவிட்டாலும் மீட்டெடுக்கலாம்.

சொந்தக் கருவியைப் பழுது பார்க்க, திருடன் நுழையும் ஓட்டை வழியாக உரிமையாளர் நுழைய வேண்டியிருந்தது. அந்த ஓட்டையை அடைப்பது நியாயமே. ஆனால் முன்வாசல் சாவியைக் கொடுக்காமல் ஓட்டையை மட்டும் அடைத்தால், பாதுகாப்பின் பெயரால் உரிமையாளர் வெளியே நிற்கிறார். ரவுட்டர் உலகில் இந்தக் கதை பலமுறை திரும்ப நடந்திருக்கிறது.

எட்டு இலக்கக் கணக்கு

வசதி என்ற பெயரில் வந்து பெருந்தொல்லை செய்தது டபிள்யூபிஎஸ். நீண்ட கடவுச்சொல்லைத் தட்டச் சிரமப்படுபவருக்காக, ஒரு பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ இணையும் முறை. 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்பவர் இதன் குறையை வெளியிட்டார். இதைப் பத்தாம் வகுப்புக் கணக்காகவே சொல்லிவிடலாம்.

எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள். ஆனால் எட்டாவது இலக்கம் முன்னுள்ள ஏழிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஆகவே உண்மையில் ஏழு இலக்கம், ஒரு கோடி வாய்ப்புகள். அதுவும் பெரிய எண்தான். பிழை அடுத்த படியில் இருக்கிறது. முதல் நான்கு இலக்கம் தவறாக இருந்தால் ரவுட்டர் அதை அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். எனவே முதல் பாதியைத் தனியாகக் கண்டுபிடிக்க 10,000 முயற்சிகள், இரண்டாம் பாதிக்கு 1,000 முயற்சிகள். பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் வந்துவிட்டது: 11,000. ஒரு முயற்சிக்கு மூன்று நொடி என்று வைத்தால் 33,000 நொடி, அதாவது ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இரவு உணவுக்குப் பின் தொடங்கினால் காலைக் காப்பிக்குள் பக்கத்து வீட்டின் கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கைக்கு வந்துவிடும்.

பிழை நெறிமுறையை வகுத்தவர்களுடையது என்பது உண்மை. ஆனால் நான்கு தவறான முயற்சிக்குப் பின் சில நிமிடம் கதவைச் சாத்து என்று ஒரு வரி நிலைபொருளில் இருந்திருந்தால் தாக்குதல் ஒன்பது மணியிலிருந்து பல நாட்களாக, வாரங்களாக நீண்டிருக்கும். பல கருவிகளில் அந்த வரி இல்லை. இன்னும் மோசமாக, சில கருவிகளில் அமைப்புப் பக்கத்தில் இதை அணைத்த பிறகும் உள்ளே அணையவில்லை என்று தெரியவந்தது. திரையில் ஒன்று காட்டி உள்ளே வேறொன்று செய்யும் மென்பொருளைத் திறமைக் குறைவு என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மூல நிரல் திறந்திருந்தால் இதை ஒரு கல்லூரி மாணவர் படித்தே கண்டுபிடித்திருப்பார்.

பெற்றோர் கட்டுப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான கருவிகளில் அது, கைப்பேசியின் வன்பொருள் முகவரியைக் குறித்துவைத்து நேரம் வகுப்பது. 2019, 2020 முதல் ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு போலி வன்பொருள் முகவரியைத் தாமே உருவாக்கிக் கொடுக்கின்றன. இரவு ஒன்பதுக்கு மேல் இணைப்பு இல்லை என்று பேரனுக்கு நான் வகுத்த சட்டம் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் அவன் வலையமைப்பை மறந்துவிடு என்ற பொத்தானை அழுத்தி, முகவரி அமைப்பையும் மாற்றிப் புதியவனாக உள்ளே வந்துவிட்டான்.

ரேஷன் கடை வரிசை

இதற்கு மாறாக, எந்தப் பெட்டியிலும் பெரிதாக அச்சிடப்படாத, ஆனால் உண்மையிலேயே பயன் தரும் ஒரு வசதி உண்டு. வீட்டில் ஒருவர் புகைப்படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றத் தொடங்கியதும் இன்னொருவரின் காணொளி அழைப்பு திக்கித் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். வேகம் போதவில்லை என்று நினைத்து அதிக விலைத் திட்டத்துக்கு மாறுவோம். பெரும்பாலும் காரணம் வேகம் அன்று, வரிசை.

ரவுட்டர் அனுப்ப முடியாத பொதிகளை இடைநினைவகத்தில் அடுக்கி வைக்கிறது. 256 கிலோபைட் இடைநினைவகம் நிரம்பியிருக்கிறது, மேலே அனுப்பும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 256 பெருக்கல் 8, ஏறத்தாழ 2,000 கிலோபிட். வரிசையின் கடைசியில் வந்து சேரும் பொதி இரண்டு நொடி காத்திருக்க வேண்டும். பேச்சில் இரண்டு நொடித் தாமதம் என்பது உரையாடலே இல்லை. ரேஷன் கடையில் ஒருவர் தெருவுக்கே மூட்டை வாங்க நிற்கிறார். அவருக்குப் பின்னால் அரை லிட்டர் எண்ணெய்க்கு வந்த கிழவி நிற்கிறாள். கடை எவ்வளவு விரைவாக அளந்தாலும் அவள் காத்திருக்கத்தான் வேண்டும்.

2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் இந்தச் சிக்கலைப் பஃபர்ப்ளோட் என்ற பெயரால் பரவலாக்கினார். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். அது வரிசையின் நீளத்தை அளப்பதில்லை. ஒரு பொதி வரிசையில் எத்தனை நேரம் நின்றது என்பதை அளக்கிறது. காத்திருப்பு தொடர்ந்து 5 மில்லிநொடிக்கு மேல் போனால் சில பொதிகளைக் கைவிட்டு, அனுப்புபவரை மெதுவாக்குகிறது. இதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை வைத்து மாறி மாறி அனுப்பும் முறை சேர்ந்தபோது, எண்ணெய்க்கு வந்த கிழவி உடனே வீடு திரும்பினாள். இதை வீட்டு ரவுட்டரில் சோதித்து வளர்த்தவர்கள் ஓபன்டபிள்யூஆர்டியைச் சுற்றி இருந்தவர்கள். பெருநிறுவனங்களின் நிலைபொருள்களோ நெடுங்காலம், விளையாட்டுக்கு முன்னுரிமை, காணொளிக்கு முன்னுரிமை என்று பெயர் சொல்லி வரிசையை வெட்டும் பக்கங்களையே தந்துகொண்டிருந்தன. எதற்கு முன்னுரிமை என்று நாம் தட்டித் தட்டி வைக்க வேண்டும். ஒரு புதுச் செயலி வந்தால் மறுபடி தட்ட வேண்டும்.

மாற்று நிலைபொருளின் குறைகள்

திறந்த நிலைபொருளைப் புகழ்வதோடு நிறுத்தினால் இது விளம்பரமாகிவிடும். டபிள்யூஆர்டி54ஜி-யின் மூல நிரல் வெளிவந்தபோதும், பிராட்காம் சில்லை இயக்கும் கம்பியில்லாப் பகுதி மூடிய இருமக் கோப்பாகவே வந்தது. அது லினக்ஸின் 2.4 கருவோடு பிணைக்கப்பட்டிருந்ததால், உலகம் 2.6க்குப் போன பின்னும் இந்தக் கருவியில் பழைய கருவோடு பல காலம் தங்க வேண்டியிருந்தது. திறந்தது என்று சொல்லப்பட்டதன் நெஞ்சுப் பகுதி மூடியே இருந்தது.

பயனர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். டிடி-டபிள்யூஆர்டியில் அலை பரப்பும் ஆற்றலை 251 மில்லிவாட் வரை உயர்த்தும் கட்டம் இருந்தது. பலர் முதலில் செய்தது அதை உச்சத்துக்கு ஏற்றுவதுதான். ஆசிரியர் ஒலிபெருக்கியில் பேசினாலும், கடைசி பெஞ்சு மாணவன் முணுமுணுத்தால் அவர் காதில் விழாது. ரவுட்டரின் குரல் உயர்ந்தாலும் மடிக்கணினியின் குரல் அதே அளவுதான். பக்கத்து வீட்டுக்குக் கூடுதல் இரைச்சல். கருவிக்குக் கூடுதல் சூடு.

இத்தகைய விளையாட்டுகள் அரசின் கவனத்தையும் ஈர்த்தன. வானிலை ரேடார்களுக்கு இடையூறு வராமல் தடுக்க, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக் கருவிகளுக்கு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் விதிகளைக் கடுமையாக்கியது. 2015இல் அதன் வழிகாட்டிக் குறிப்பு ஒன்று, டிடி-டபிள்யூஆர்டி போன்றவற்றை ஏற்றாமல் எப்படித் தடுக்கிறீர்கள் என்று உற்பத்தியாளர்களைப் பெயர் சொல்லியே கேட்டது. எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டு அந்தச் சொற்கள் திருத்தப்பட்டன. 2016இல் டிபி-லிங்க் நிறுவனம் 2 லட்சம் டாலர் செலுத்தி ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில், மாற்று நிலைபொருளுக்கு வழிவிட ஒத்துழைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அலைவரிசையைக் காப்பது ஒரு வேலை, முழு நிலைபொருளையும் பூட்டுவது வேறு வேலை என்பதை ஆணையமே ஏற்றுக்கொண்டதாக இதை நான் படிக்கிறேன்.

நிறுவுவதும் எல்லோருக்கும் ஆகிற வேலை இல்லை. பதிப்பு எண் ஒன்று மாறினாலும் தவறான கோப்பு ஏறிக் கருவி செத்துவிடும். ஓபன்டபிள்யூஆர்டியும் வளர வளரப் பெருத்தது. 4 மெகாபைட் ஃபிளாஷ் அல்லது 32 மெகாபைட் நினைவகம் மட்டும் உள்ள கருவிகளைப் புதிய பதிப்புகள் ஆதரிப்பதில்லை. தனக்குப் பெயர் தந்த கருவியையே அது பின்னால் விட்டுவிட்டது.

சாவி யாரிடம்

2012 ஜூனில் சிஸ்கோ, தன் லிங்க்சிஸ் ஈஏ வரிசை ரவுட்டர்கள் சிலவற்றுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பு ஒன்றை அனுப்பியது. மறுநாள் வழக்கம்போல ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தவர்கள், சிஸ்கோ கனெக்ட் கிளவுட் என்ற சேவையில் கணக்குத் தொடங்கச் சொல்லும் பக்கத்தைக் கண்டார்கள். சொந்த வீட்டு ரவுட்டரின் அமைப்பை மாற்ற, நிறுவனத்தின் தொலைதூரக் கணினி வழியாகப் போக வேண்டும். இணையத்தைத் துண்டித்துவிட்டு நேரடியாக நுழைந்தால் சில அமைப்புகள் மட்டுமே கிடைத்தன. அதோடு வந்த தனியுரிமை அறிக்கையில், இணைய வரலாறு உள்ளிட்ட தகவல்களைத் திரட்டலாம் என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. நிறுவனம் அந்த வரியை நீக்கியது. பழைய முறைக்குத் திரும்பும் வழியையும் அறிவித்தது.

நான் இந்த நிகழ்ச்சியை மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பாதுகாப்பு வல்லுநர்கள் எல்லோரும் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வையுங்கள் என்கிறார்கள். அது சரியான அறிவுரை. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளைப் பிடித்ததும், ரவுட்டர்களை அணைத்து இயக்குங்கள் என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை பொதுமக்களிடம் கேட்டுக்கொண்டதும், பழைய நிலைபொருளோடு கிடக்கும் கருவிகள் எவ்வளவு ஆபத்து என்பதைக் காட்டின. ஆனால் பிழையைத் திருத்த வரும் அதே குழாய் வழியாகத்தான் 2012இல் உரிமையாளரின் சாவியை மாற்றும் நிரலும் வந்தது. அன்று அறிவுரையைக் கேட்டு நடந்தவர்களே மாட்டிக்கொண்டார்கள். புதுப்பிக்காமல் விட்டவர்கள் தப்பினார்கள். நல்ல மாணவன் அடி வாங்குவது போன்ற இந்த நிலை, அறிவுரையின் மீதே நம்பிக்கையைக் குறைக்கிறது.

இணைய நிறுவனம் தன் செலவில் வைக்கும் பெட்டிகளில் நிலைமை இன்னும் சிக்கல். டிஆர்-069 என்ற நெறிமுறை வழியாக நிறுவனம் தொலைவிலிருந்தே பெட்டியின் அமைப்பை மாற்றலாம். லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆள் அனுப்ப முடியாது என்பதால் இதன் தேவையை மறுக்க முடியாது. ஆனால் 2016 நவம்பர் இறுதியில், அந்தப் பராமரிப்பு வாயிலைக் குறிவைத்து மிராய் தீநிரலின் ஒரு வகை தாக்கியபோது, ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு குலைந்தது. அந்த ரவுட்டர்களைத் தீநிரலால் பிடிக்க முடியவில்லை; ஓயாத தட்டலைத் தாங்காமல் அவை செயலிழந்தன. கதவு உடையவில்லை, ஆனால் வீட்டுக்காரரால் வெளியே போக முடியவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பதும் கண்ணாடியிழை இணைப்போடு வந்த அத்தகைய பெட்டிதான். எனக்குக் கொடுத்த கணக்கில் வலையமைப்பின் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் மாற்றலாம். ஒருநாள் காலை எழுந்தபோது அந்த இரண்டும் பெட்டியின் அடியில் அச்சிட்டிருந்தபடியே பழைய நிலைக்குப் போயிருந்தன. தொலைவிலிருந்து புதுப்பித்திருக்கிறார்கள் என்றார், சரி செய்ய வந்த தம்பி. நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தட்டும்போது மரியாதையாகத் திரையை என் பக்கமிருந்து திருப்பிக்கொண்டார். எல்லா வீட்டுக்கும் வேறு வேறு கடவுச்சொல்லா என்று கேட்டேன். "இல்ல சார், இந்த மாடலுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார். என்னிடமிருந்து மறைத்த சாவி, ஊரில் அதே பெட்டி இருக்கும் எல்லா வீட்டையும் திறக்கும். அதை அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்குப் போக அவருக்கு நேரமாகிவிட்டது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், இப்படி எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதைத் தடை செய்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த நாள் வரை கிடைக்கும் என்பதையும் விற்பவர் வெளியிட வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு கருவி என்ன ஆகும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அங்கேதான் நிலைபொருளை மாற்றிக்கொள்ளும் உரிமைக்கு வேலை வருகிறது. நிறுவனம் கைவிட்ட நாளில் கருவி குப்பையாகவும் வேண்டாம், ஓட்டையோடு ஓடவும் வேண்டாம் என்றால் வேறொருவர் எழுதிய நிலைபொருளை ஏற்க அது மறுக்கக் கூடாது.

2024இன் இறுதியில் ஓபன்டபிள்யூஆர்டி திட்டத்தினர், மென்பொருள் விடுதலைக் காப்பகம் என்ற அமைப்போடு சேர்ந்து, ஓபன்டபிள்யூஆர்டி ஒன் என்ற சொந்த ரவுட்டரை வெளியிட்டார்கள். பெட்டியோடு அப்போதைய விலை 89 டாலர். வழக்கமான வீட்டு ரவுட்டரோடு ஒப்பிட்டால் விலை அதிகம். கம்பி இணைப்புக்கு இரண்டே வாயில்கள். அதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. நிலைபொருள் இரண்டு தனித்தனி ஃபிளாஷ் சில்லுகளில் இருக்கிறது. ஒன்று அன்றாடப் பயன்பாட்டுக்கு. மற்றொன்று எழுதவிடாமல் காக்கப்பட்ட மீட்புப் பிரதி. முதலாவதை எப்படிக் கெடுத்தாலும், வெளியே இருக்கும் ஒரு சிறு விசையைத் தள்ளினால் இரண்டாவதிலிருந்து கருவி எழுந்துவிடும். 2003இல் சோதனைப் பக்கத்தின் ஓட்டை வழியாகத் தேடிப் போன அந்தச் சில நொடிக் காத்திருப்பு, இப்போது பெட்டியின் ஓரத்தில், விரலால் தள்ளும் விசையாக வந்திருக்கிறது.